பட்டு யாரைத் தேடுகிறாள்?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் நாய் மணி, 11 வயது, 12 நாட்களுக்கு முன் இறந்துவிட்டான். சிறுநீரகம் பழுதாகி, சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. எங்கள் பூனை பட்டுவுக்கு 6 வயது. குட்டியாக வந்த நாளிலிருந்து மணியின் வயிற்றோடு ஒட்டிப் படுத்தே வளர்ந்தவள். சாயங்காலம் அவன் நடை போய்த் திரும்பும்போது வாசலுக்கு வந்து, அவன் காலில் உரசிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். இப்போதும் அதே நேரத்துக்கு வந்து வாசலில் உட்காருகிறாள். ராத்திரியில் ஒவ்வோர் அறையாகப் போய்க் கத்துகிறாள். முதல் வாரம் பாதிச் சாப்பாடு. இரண்டு நாளாக முகர்ந்து பார்ப்பதோடு சரி. மணியின் மெத்தையை அவன் போன அன்றே துவைத்து எடுத்து வைத்துவிட்டேன். அது இருந்த வெறுந்தரையில் முன்கால்களால் பிசைந்துகொண்டு நிற்கிறாள். "உன் துக்கத்தைப் பூனை மேல் ஏற்றிப் பார்க்கிறாய்" என்கிறார் கணவர். மகன் உடனே ஒரு நாய்க்குட்டி வாங்கலாம் என்கிறான். பட்டுவுக்கு உண்மையிலேயே துக்கம் இருக்கிறதா? மெத்தையைத் துவைத்தது தப்பா? அவள் எதிரில் நான் அழுவது அவளைப் பாதிக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கேள்வியே இல்லாத ஒரு வரியில்தான் என் கண் போய் நின்றது: "முகர்ந்து பார்ப்பதோடு சரி." அதனால்தான், இந்தப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே பட்டுவை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று கடிதத்தைப் படித்த கையோடு தகவல் அனுப்பினேன். நீங்களும் தாமதிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, எடை மட்டும் 300 கிராம் குறைந்திருக்கிறது, குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இந்த அவசரம் ஏன் என்று மற்ற வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல உடம்போடு இருக்கும் நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பூனை விஷயத்தில் அப்படிப் பொறுக்க முடியாது. பூனை பட்டினி கிடந்தால் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவிகிறது. அவ்வளவையும் பதப்படுத்தி வெளியே அனுப்பப் பூனையின் கல்லீரலால் முடியாது. கொழுப்பு அங்கேயே தங்கி, கல்லீரலின் வேலையையே முடக்கிவிடும். இரண்டு மூன்று நாள் பட்டினியே இதைத் தொடங்கிவைக்கப் போதும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறும் காதின் உட்புறமும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தால் நோய் நன்றாகப் பிடித்துவிட்டது என்று பொருள். அப்போதும் காப்பாற்றலாம், ஆனால் குழாய் வைத்து வாரக்கணக்கில் உணவு செலுத்த வேண்டியிருக்கும். எனவே துணையை இழந்த பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். துக்கம்தானே, தானாகச் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல நான் செய்த பிழை ஒன்றும் காரணம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று இறந்த மறு வாரத்திலிருந்து மற்றது தட்டுக்கு வரும், குனியும், இரண்டு வாய் எடுக்கும், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டார் துக்கம் என்றார்கள். நானும் துக்கம் என்றேன். மூன்றாவது வாரம் வாயைத் திறந்து பார்த்தபோது மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருந்தது. பல்லை எடுத்த மறுநாள் அந்த நாய் தட்டை நக்கிக் காலி செய்தது. மூன்று வாரம் அது வலியில் கிடந்திருக்கிறது, நான் அதன் தலையைத் தடவிக்கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வாய், வயிறு, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து முடிக்காமல் துக்கம் என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு கவலையும் எனக்கு இருந்தது. மணியின் சிறுநீரகம் திடீரென்று பழுதானதா, நாள்பட வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. திடீரென்று என்றால், இரண்டும் ஒரே நஞ்சைத் தொட்டிருக்கக்கூடும். பட்டுவின் ரத்தப் பரிசோதனை அந்தக் கவலையையும் தீர்த்துவிட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டுவுக்குத் துக்கம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

யாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1970-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஒரே ஒரு குரலைப் பின்தொடர்ந்தார். தாயிடமிருந்தோ கூட்டத்திலிருந்தோ பிரிந்த குட்டி எழுப்பும் அழுகுரல் அது. நாய்க்குட்டி, கினிப் பன்றி, கோழிக்குஞ்சு என்று வெவ்வேறு உயிர்களிடம் அதைக் கேட்டார். மூளையின் ஆழத்தில் சில இடங்களை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினால் அதே பிரிவுக் குரல் எழுந்தது. மார்ஃபினை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் அந்தக் குரல் அடங்கியது. அடிபட்ட காலின் வலியை அடக்கும் மருந்து, துணை இல்லாத வேதனையையும் அடக்கியிருக்கிறது! மனிதர்கள் ஆழ்ந்த சோகத்தில் இருக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளும் பெருமளவு இந்த வழித்தடத்திலேயே இருக்கின்றன. பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பொதுவான பழைய அமைப்பு இது. பட்டுவின் தலைக்குள்ளும் இருக்கிறது, உங்கள் தலைக்குள்ளும் இருக்கிறது.

வீட்டுப் பிராணிகளிடம் இது வெளியே எப்படித் தெரிகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. இத்தாலியில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய் வளர்த்து, அதில் ஒன்றைப் பறிகொடுத்த 426 பேரிடம் விசாரித்து 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. மிஞ்சிய நாயின் நடத்தை மாறியது என்று சொன்னவர்கள் 86 சதவீதம். ஆளை ஒட்டியே திரிவது, விளையாட்டு குறைவது, சோம்பிப் படுப்பது, பயம், உணவு குறைவது என்று மாற்றங்கள் பலவிதம். அதில் என் மனதில் நின்ற செய்தி வேறு. இரண்டு நாய்களும் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தன என்பதைவிட, எவ்வளவு ஒட்டுதலாக வாழ்ந்தன என்பதே மாற்றத்தின் அளவைத் தீர்மானித்தது. பூனைகளைப் பற்றி அமெரிக்காவின் ஓக்லாண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. 400-க்கும் மேற்பட்ட பூனைகள். கூட இருந்த பிராணி இறந்த பிறகு பல பூனைகள் குறைவாகச் சாப்பிட்டன, குறைவாக விளையாடின, ஒளிந்துகொண்டன, தேடின. இறந்தது பூனையாக இருந்தாலும் நாயாக இருந்தாலும் இந்த மாற்றங்கள் தெரிந்தன. பூனை தன்னந்தனிப் பிராணி, அதற்கு யார் போனால் என்ன என்ற பேச்சை நான் பல வருடம் கேட்டவன். அந்த ஆய்வைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

உங்கள் கணவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. இந்த இரண்டு ஆய்வுகளுமே வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்து எழுதப்பட்டவை. யார் அதிகம் துக்கப்பட்டார்களோ அவர்களே தங்கள் பிராணியிடமும் அதிக மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணே அப்படிப் பார்த்திருக்கலாம், அவர்கள் துக்கம் பிராணியைத் தொட்டும் இருக்கலாம். அதனால் நான் கணவரிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். அவரே ஒரு வாரம் குறித்து வைக்கட்டும்: பட்டு வாசலுக்கு வரும் நேரம், எத்தனை நிமிடம் உட்காருகிறாள், எத்தனை கிராம் சாப்பிட்டாள், ராத்திரி எத்தனை முறை எழுந்து கத்தினாள். தட்டை எடைபோட்டு வைத்தால் யாருடைய துக்கமும் அதில் ஏறாது. உங்கள் மருத்துவருக்கும் அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.

ஒரே வீட்டில் இருப்பதெல்லாம் நட்பு ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் அலமாரி மேலேயே வாழ்ந்த பூனை, மற்றது இறந்த பிறகு கீழே இறங்கி வந்து சோபாவில் நீட்டிப் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அது விடுதலை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அப்படிப்பட்ட உறவு இல்லை. வயிற்றோடு ஒட்டிப் படுப்பதும், வெளியே போய் வந்தவனை உரசி உள்ளே விடுவதும் பூனை உலகத்தில் பெரிய விஷயங்கள். பூனையின் கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. உரசும்போது தன் வாசனையைப் பூசுகிறது, எதிராளியின் வாசனையையும் வாங்கிக்கொள்கிறது. மணி வெளியே போய் ஊர் வாசனையோடு வருவான். பட்டு தினமும் அவனை மறுபடி நம் வீட்டு ஆளாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறாள். ஆறு வருடம் தவறாமல் செய்த வேலை அது. இப்போது அந்த நேரம் வருகிறது, வேலைக்கு உரியவன் வரவில்லை.

மணி இறந்துவிட்டான் என்று அவளுக்குத் தெரியுமா? அவளுடைய நடத்தை எனக்குச் சொல்வது, அவள் இன்னும் தேடிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கிறாள் என்பதைத்தான். ஜப்பானின் ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்ற நாயைப் பலரும் அறிவீர்கள். அதை வளர்த்த பேராசிரியர் 1925 மே மாதம் பணியிடத்தில் இறந்தார். 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை அந்த நாய் அவர் ரயிலில் திரும்பும் நேரத்துக்கு நிலையத்துக்கு வந்தது. அதை விசுவாசம் என்று கொண்டாடுகிறோம். அந்தக் கதை என்னை வேறு விதத்தில் வருத்துகிறது. காலையில் போனவர் மாலையில் வருவார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்த உலகம், வரமாட்டார் என்பதை அதற்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பட்டுவும் மணி வண்டியில் ஏறிப் போனதைத்தான் பார்த்தாள்.

இதனாலேயே, முடிந்த இடங்களில் இறந்த துணையின் உடலை மிஞ்சியிருக்கும் பிராணிக்குக் காட்டச் சொல்கிறேன். ஒரு வீட்டில் இரண்டு முயல்கள் இருந்தன. பெண் முயல் இறந்ததும் உடலைக் கூண்டிலேயே ஒரு துண்டின் மேல் கிடத்தி, ஆண் முயலை உள்ளே விட்டோம். முதலில் அது தன் தலையைத் தாழ்த்தி அவள் தாடைக்கு அடியில் நுழைத்தது. என்னை நக்கிவிடு என்று முயல்கள் கேட்கும் முறை அது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்து அவள் காதையும் கண் ஓரத்தையும் தானே நக்கியது. மறுபடி தலையைத் தாழ்த்தியது. இப்படி மூன்று நான்கு முறை. ஒரு மணி நேரம் கழித்து அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது, அதன் பிறகு எழுந்து போய் வைக்கோலை இழுத்துத் தின்றது. அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த ஆண் முயல் அதற்குப் பிறகு கூண்டில் தேடி அலையவில்லை. தொற்றுநோயால் இறந்திருந்தால் இப்படிக் காட்டக் கூடாது, ஆஸ்பத்திரியில் நடந்தால் பல நேரம் முடியாமலும் போகும். உங்களுக்கு அந்த வாய்ப்பே அமையவில்லை. அதை உங்கள் குற்றக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

மெத்தையும் அப்படித்தான். நோயாளி படுத்த மெத்தையைத் துவைப்பது யாருக்கும் கை தானாகச் செய்யும் வேலை. ஆனால் பட்டுவின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே நாளில் மணியும் போனான், மணியின் வாசனையும் போயிற்று. துவைத்த மெத்தையானாலும் பரவாயில்லை, எடுத்த இடத்திலேயே மறுபடி போடுங்கள். அதன் மேல் நீங்கள் ஒரு நாள் உடுத்திக் கழற்றிய சட்டையை விரித்து வையுங்கள். பிசைவதற்கு வெறுந்தரை இருப்பதைவிட, வீட்டு ஆளின் வாசனை இருக்கும் மெத்தை அவளுக்கு நல்லது.

நீங்கள் அழுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்வீடனில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. முடியில் தங்கும் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஆளிடம் ஏறினால் நாயிடமும் ஏறியிருந்தது. ஆகவே நம் மனநிலை அவற்றைத் தொடுகிறது. அதற்காக நீங்கள் ஒளிந்து அழ வேண்டியதில்லை. பட்டுவை அதிகம் அலைக்கழிப்பது கண்ணீரைவிட, வீட்டின் ஒழுங்கு குலைவதுதான் என்று நினைக்கிறேன். மாலை நடை நின்றுவிட்டது. நீங்கள் சீக்கிரம் படுத்துவிடுகிறீர்கள். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போயிருக்கும். யோசித்துப் பாருங்கள், மணி போனபோது அவளுடைய நாளும் கூடவே கலைந்துவிட்டது.

இங்கே 1996-இல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வை நினைத்துக்கொள்கிறேன். குட்டியிலிருந்து ஏழெட்டு வருடம் ஜோடியாகவே வாழ்ந்த நாய்களைச் சில மணி நேரம் பிரித்துப் பார்த்தார்கள். பழகிய இடத்தில் பிரித்தபோது அழுத்த ஹார்மோன் ஏறவே இல்லை. புது இடத்தில் தனியாக விட்டபோது ஏறியது. ஜோடி நாய் கூட இருந்தும் அது ஏறத்தான் செய்தது. அவற்றைப் பராமரித்த மனிதர் பக்கத்தில் இருந்தபோது ஏறவில்லை. சில மணி நேரப் பிரிவு வேறு, மணியின் பிரிவு வேறு, நாய் வேறு, பூனை வேறு. இருந்தாலும் துணை இழந்த பிராணியைப் பார்க்கும் போதெல்லாம், பக்கத்தில் இருந்த அந்த மனிதரை எனக்கு ஞாபகம் வரும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. மாலையில் மணியோடு நடந்த அதே நேரத்துக்கு நீங்களும் நடந்துவிட்டு வாருங்கள். மகன் கூட வரட்டும். திரும்பி வந்ததும் உள்ளே விறுவிறுவென்று போகாமல் வாசலில் உட்காருங்கள். அவள் உரசினால் உரசட்டும், முகர்ந்துவிட்டுப் போனால் போகட்டும். தூக்கி மடியில் வைக்க வேண்டாம். அதன் பிறகு சாப்பாடு, தினமும் அதே நேரம். உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், மணம் எழும்பினால்தான் பூனைக்குப் பசி எடுக்கும். ஒரே தடவையில் நிறைய வைக்காமல் சின்னச் சின்னதாக நான்கைந்து முறை வையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வாயைத் திறந்து திணிக்காதீர்கள். அப்படித் திணித்த உணவைப் பூனை பிறகு கண்ணாலும் பார்க்காது. படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் கயிற்றையோ இறகையோ ஆட்டி விளையாட்டுக் காட்டிவிட்டு, கடைசி வேளை உணவைக் கொடுங்கள். ராத்திரிக் கத்தல் இதில் நன்றாகவே குறையும். கத்தும்போது திட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் தின்பண்டம் கொடுத்தும் அடக்காதீர்கள். இருந்த இடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

நாய்க்குட்டி இப்போது வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பட்டு தேடுவது ஒரு நாயை அல்ல, மணியை. சரியாகச் சாப்பிடாமல் நொந்து கிடக்கும் பூனையின் வீட்டில், நாள் முழுக்க வாலைக் கடித்து இழுக்கும் குட்டி ஒன்று வந்தால் அவள் அலமாரி மேலேயே குடியேறிவிடுவாள். மகனிடம் இதைச் சொல்லும்போது, மணிக்கு மாற்று தேடுவதாக நினைத்து அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை தன் துக்கத்துக்கு ஒரு வழி தேடுகிறான். பட்டுவுக்குச் சாப்பாடு வைக்கும் பொறுப்பையும் எடை குறிக்கும் பொறுப்பையும் அவனிடம் கொடுங்கள். அவள் பழையபடி சாப்பிட்டு, விளையாடி, இரவில் தூங்கத் தொடங்கிச் சில மாதங்கள் போகட்டும், பிறகு பேசுவோம்.

எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த இத்தாலிய ஆய்வில் சுமார் 30 சதவீத நாய்களுக்கு மாற்றம் 2 முதல் 6 மாதம் வரை நீடித்தது. சுமார் 25 சதவீத நாய்களுக்கு அதற்கும் மேல். எனவே அடுத்த மாதமும் பட்டு வாசலில் உட்கார்ந்தால் பதற வேண்டாம். உணவும் எடையும் ஏறுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். எடை மறுபடி இறங்கினாலோ, ஒளிந்துகொண்டு வெளியே வராமல் போனாலோ, ஒரே இடத்தை நக்கி நக்கி முடி உதிர்ந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் பூனைக்கும் உண்டு. அளவை அவர்தான் சொல்ல வேண்டும். மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மணியின் கழுத்துப்பட்டையை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பித் தந்திருப்பார்கள். அதைத் துவைக்கவில்லை என்றால் மெத்தையின் ஓரத்தில் வைத்துவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். எடுத்து அவள் மூக்கில் காட்ட வேண்டாம். அவளாக வந்து முகர்ந்து, கன்னத்தால் உரசலாம், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடவும் செய்யலாம். இரண்டுமே சரி. அடுத்த திங்கட்கிழமை எடை பார்த்து எனக்கு எழுதுங்கள்.